மாமல்லைக் குன்றில் விளக்கு ஏறியது எப்போது?

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே 55 கிலோமீட்டர் போனால் மாமல்லபுரம். சனிக்கிழமை காலையில் கிளம்பிப் பொழுது சாய்வதற்குள் வீடு திரும்பிவிடலாம் என்பதால், வார இறுதிப் பயணம் என்றதும் சென்னைக்காரர்களுக்கு முதலில் தோன்றும் ஊர் இதுதான். கடற்கரைக் கோயில், ஐந்து ரதங்கள், அர்ச்சுனன் தபசு, வெண்ணெய் உருண்டைக் கல் என்று பார்த்து முடித்த பிறகு நேரமும் காலில் தெம்பும் இருந்தால்தான் குன்றின் மேலுள்ள கலங்கரை விளக்கத்தை நினைக்கிறார்கள். அங்கே ஏறுகிறவர்களுக்குத் தவறாமல் ஒரு செய்தி கிடைக்கும். கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்தில், பாறை உச்சியில் இருக்கும் சிறிய கற்கோயில்தான் இந்தியாவின் மிகப் பழைய கலங்கரை விளக்கம்; 640-ஆம் ஆண்டில் மகேந்திரவர்ம பல்லவன் கட்டியது; இதுவே அந்தச் செய்தி. சுற்றுலாக் கையேடுகளிலும் இணையத்திலும் நாளேட்டுச் செய்திகளிலும் திரும்பத் திரும்ப வந்து, இப்போது அது மறுக்க முடியாத வரலாறுபோல நிற்கிறது. என் வாதம் இதற்கு எதிரானது. அந்தக் கோயில் கலங்கரை விளக்கமாகக் கட்டப்படவில்லை. அதன் மேல் விளக்கு ஏறியது 1887-இல்தான். இதை ஒப்புக்கொண்டால் அந்தக் குன்றின் பெருமை குறைந்துவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. ஒப்புக்கொண்ட பிறகுதான் அந்தக் குன்று கடலோடிகளுக்கு உண்மையில் எப்படிப் பயன்பட்டது என்பது நமக்குத் தெளிவாகும்.

முதலில் ஆண்டுக் கணக்கையே பார்க்கலாம். முதலாம் மகேந்திரவர்மனின் ஆட்சிக்காலம் ஏறத்தாழ 600 முதல் 630 வரை. 640-இல் அரியணையில் இருந்தவன் அவன் மகன் முதலாம் நரசிம்மவர்மன். ஊருக்குப் பெயர் தந்த மாமல்லன். ஆக, சொல்லப்படும் அரசனும் ஆண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. அதைவிட முக்கியமானது கட்டுமானம். மகேந்திரவர்மன் காலம் மலையைக் குடையும் காலம். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவுமின்றிக் கோயில் எடுத்ததாக அவனே மண்டகப்பட்டுக் கல்வெட்டில் பெருமைப்பட்டுக்கொள்கிறான். நாம் பேசும் குன்றுக் கோயிலான ஒலக்கணேஸ்வரர் கோயிலோ கல் மேல் கல் அடுக்கிக் கட்டியது. அந்த முறை பல்லவ நாட்டில் முழு வளர்ச்சி கண்டது, எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட இரண்டாம் நரசிம்மவர்மன் என்கிற ராஜசிம்மன் காலத்தில். அதே ஊரிலுள்ள கடற்கரைக் கோயிலும் காஞ்சி கைலாசநாதர் கோயிலும் அவன் கட்டியவை. ஒலக்கணேஸ்வரர் கோயிலையும் கலை வரலாற்று அறிஞர்கள் அந்த வரிசையிலேயே வைக்கிறார்கள். மகேந்திரனுக்கும் இதற்கும் இடையே இரண்டு தலைமுறைக்கு மேல் இருக்கிறது.

சரி, ஆண்டு தவறாக இருக்கலாம், ராஜசிம்மனே கலங்கரை விளக்கமாகக் கட்டியிருக்கலாமே என்று கேட்கலாம். அதற்குக் கட்டடத்தையே நிதானமாகச் சுற்றிவந்து பார்க்க வேண்டும். மகிஷாசுரமர்த்தினி குகைக்கு நேர் மேலே, பாறையின் உச்சியில் சதுரமாக உட்கார்ந்திருக்கிறது கோயில். வாசலின் இருபுறமும் துவாரபாலகர்கள். சுவர்களில் கயிலையைப் பெயர்க்கும் இராவணன், தென்முகக் கடவுள், ஆடும் சிவன். கடல் உப்புக் காற்று பல நூற்றாண்டாக அரித்ததில் முகங்கள் மழுங்கிவிட்டன; ஆனாலும் உருவங்களை அடையாளம் காண முடிகிறது. வாசல் மேற்கு நோக்கியது, கடல் இருப்பதோ கிழக்கில். கருவறையில் எவ்வளவு பெரிய தீபம் ஏற்றினாலும் அதன் ஒளி ஊர்ப்பக்கம் போகுமே தவிர, கப்பல்காரன் கண்ணில் படாது. அப்படியானால் மொட்டைமாடியில் தீ வளர்த்திருக்கலாமா? இன்று மேலே தட்டையாகத் தெரிவதால்தான் இந்தக் கேள்வியே எழுகிறது. பல்லவர் கட்டிய விமானக் கோயிலுக்கு மேலே தளம் தளமாகக் குறுகி உயர்ந்து சிகரத்தில் முடியும் பகுதி ஒன்று இருந்திருக்கும். கடற்கரைக் கோயிலை அண்ணாந்து பார்த்தால் அது எப்படி இருந்திருக்கும் என்று விளங்கும். ஒலக்கணேஸ்வரர் கோயிலில் அந்த மேற்பகுதி அழிந்துபோய்விட்டது. அது இருந்தவரை ஆள் ஏறி நின்று விறகடுக்கித் தீ மூட்ட அங்கே இடமே கிடையாது. பிற்காலத்தில் விளக்கு வைக்கத் தோதான தட்டையான தளத்தைத் தந்தது கோயிலின் சிதைவுதான்.

இந்த இடத்தில் சிலருக்கு மனவருத்தம் வரும். பல்லவர் துறைமுகத்தில் கலங்கரை விளக்கம் இல்லை என்கிறாயா, வெள்ளைக்காரன் வந்துதான் நமக்கு விளக்கேற்றினானா என்று கேட்பார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. தமிழ்க் கடற்கரையில் கலங்கரை விளக்கம் இருந்தது என்பதற்குக் கோயிலை இழுத்து வந்து சாட்சி சொல்ல வைக்க வேண்டிய தேவையே இல்லை. நம் இலக்கியத்தில் நேரடியான சாட்சி இருக்கிறது. புகார் நகரத்துக் கடற்கரையில் எரிந்த விளக்குகளின் வரிசையில் கலங்கரை விளக்கத்தையும் சிலப்பதிகாரம் சேர்க்கிறது. அதற்கும் முந்தைய பெரும்பாணாற்றுப்படை இன்னும் துல்லியமாகப் பேசுகிறது. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பற்றிக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது அது. அதில் நீர்ப்பெயற்று என்ற துறை வருகிறது. அங்கே வானளாவ உயர்ந்த மாடம். ஏறுவதற்குச் சாத்திவைத்த ஏணி. ஏறுவது அரிதான உச்சி. அங்கே இரவில் ஏற்றிவைத்த சுடர், கடலில் ஓடும் கலங்களைத் துறைக்கு அழைக்கிறது. ஏணியைக்கூட விடாமல் சொல்லியிருப்பதால், பார்த்தவர் சொன்ன வர்ணனை இது என்று நம்பலாம். அந்த நீர்ப்பெயற்று இன்றைய மாமல்லபுரம்தான் என்று ஆய்வாளர்களில் ஒரு சாரார் கருதுகிறார்கள். வேறு இடம் காட்டுவோரும் உண்டு. எதுவானாலும் அது காஞ்சியை அடுத்த தொண்டைமண்டலக் கடற்கரை. நம் பேச்சுக்கு வேண்டியது அந்த வர்ணனையில் இருக்கிறது. விளக்குக்கென்றே தனி மாடம் இருந்தது; அது கோயில் அல்ல. எட்டாம் நூற்றாண்டுக்கு வந்தால், கடல்மல்லையைப் பாடிய திருமங்கையாழ்வார், செல்வமும் யானைகளும் மணிகளும் ஏற்றிய கலங்கள் பாரம் தாங்காமல் தாழ்ந்து நிற்கும் துறையாக அதைக் காட்டுகிறார். அப்படிப்பட்ட துறையில் இரவில் எங்கோ ஒரு வெளிச்சம் எரிந்திருக்கும் என்று ஊகிப்பதில் தவறில்லை. அந்த எங்கோ என்பது இந்தக் கோயில்தான் என்று அடித்துச் சொல்வதற்குத்தான் ஆதாரம் இல்லை.

கோயில் கூரையில் விளக்கு ஏறிய கதையைப் புரிந்துகொள்ள, பயணத்தைச் சென்னைக் கோட்டையிலிருந்தே தொடங்குவது நல்லது. சென்னையில் முதல் கலங்கரை விளக்கம் 1796-இல் எரிந்தது. அதற்கென்று யாரும் கோபுரம் கட்டவில்லை. புனித ஜார்ஜ் கோட்டைக்குள் வணிகர்கள் கூடிய எக்ஸ்சேஞ்ச் கட்டடத்தின் மேலே, தேங்காய் எண்ணெய் ஊற்றி எரித்த விளக்குதான் அது. அந்தக் கட்டடம் இன்று கோட்டை அருங்காட்சியகம். அடுத்ததுதான் விளக்குக்கென்றே எழுந்தது: 1844-இல் எரியத் தொடங்கிய கருங்கல் தூண். உயர் நீதிமன்ற வளாகத்தில் அது இப்போதும் நிற்கிறது. வழக்குக்காக நாள்தோறும் அதைக் கடந்துபோகிறவர்களில் பலருக்கு அது என்னவென்றே தெரியாது. பிறகு 1894-இல் விளக்கு மறுபடியும் இன்னொரு கட்டடத்தின் தலைக்கு ஏறியது. உயர் நீதிமன்றத்தின் குவிமாட உச்சிக்கு. மெரினாவில் சிவப்பு வெள்ளைப் பட்டையோடு நிற்கும் இன்றைய கலங்கரை விளக்கம் 1977-இல் வந்தது. இந்த வரிசையில் 1887-ஐயும் வைத்துப் பாருங்கள். கையில் இருக்கும் உயரமான கட்டடத்தில் விளக்கை ஏற்றிவிடுவது அந்தக் காலத்து நிர்வாகத்தின் வழக்கம். சென்னையில் வணிகர் மாளிகையும் நீதிமன்றமும் கிடைத்தன, மாமல்லபுரத்தில் பூசை நின்றுபோன, மேற்பகுதி இழந்த கற்கோயில் கிடைத்தது. எக்ஸ்சேஞ்ச் கட்டடத்தின் மேல் விளக்கு எரிந்தது என்பதற்காக அதைக் கலங்கரை விளக்கமாகக் கட்டினார்கள் என்று எவரும் எழுதுவதில்லை. கோயிலுக்கும் அதே நியாயம்தான்.

இதற்கு இன்னொரு எதிர்க்கேள்வி உண்டு, அதுதான் கனமானது. விளக்கு வேண்டாம், கடலிலிருந்து தெரியட்டும் என்பதற்காகவாவது அந்த உச்சியைப் பல்லவர்கள் தேர்ந்தெடுத்திருக்க மாட்டார்களா? தேர்ந்தெடுத்திருக்கலாம். இங்கேதான் நாம் கலங்கரை விளக்கம் என்பதை இரவு வெளிச்சமாக மட்டும் நினைத்துக்கொள்வது குறுக்கே நிற்கிறது. கடலோடிக்குப் பகலிலும் அடையாளம் வேண்டும். சோழமண்டலக் கரை எங்கு பார்த்தாலும் ஒரே மட்டத்தில் மணலும் தோப்புமாகக் கிடக்கும். கடலில் இருந்து பார்க்கிறவனுக்கு இந்த ஊரா அந்த ஊரா என்று பிரித்துச் சொல்ல எதுவும் கிடையாது. இயற்கைத் துறைமுகமும் கிடையாது. சென்னையிலேயே செயற்கைத் துறைமுகம் கட்டும்வரை கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரமிட்டன. ஆளையும் சரக்கையும் மசூலாப் படகுகள்தான் அலையைக் கடத்திக் கரை சேர்த்தன. அப்படிப்பட்ட கரையில் திடீரென்று எழுந்து நிற்கும் பாறைக் குன்று பெரிய சொத்து. வில்லியம் சேம்பர்ஸ் என்ற ஆங்கிலேயர் மாமல்லபுரத்தைப் பற்றி எழுதிய கட்டுரை 1788-இல் கல்கத்தாவில் ஏசியாட்டிக் ரிசர்ச்சஸ் முதல் தொகுதியில் வெளிவந்தது. கரையை நெருங்கும் மாலுமிகளுக்கு இந்தக் குன்று முதன்மையான அடையாளங்களில் ஒன்று என்றும், ஊரை அவர்கள் ஏழு கோயில்கள் என்று அழைப்பதாகவும் அதில் சொல்கிறார். பாறை முகடுகளைக் கடலிலிருந்து பார்த்தபோது அப்படித் தோன்றியிருக்கலாம், கரையில் நின்று பார்த்தால் அதற்குக் காரணம் விளங்கவில்லை என்று நேர்மையாகச் சேர்க்கவும் செய்கிறார். விளக்கு ஏறுவதற்கு ஏறத்தாழ நூறு ஆண்டுக்கு முந்தைய எழுத்து இது. கோயிலைக் கலங்கரை விளக்கம் என்று அவர் சொல்லவில்லை. குன்றைத்தான் அடையாளம் என்கிறார். எனக்கு இதுவே தீர்மானமான சான்றாகப் படுகிறது. கப்பல்களுக்கு வழி சொன்னது பல்லவர் கட்டியதற்கும் முன்பிருந்தே நிற்கும் கருங்கல். கோயில் அதன் உயரத்தைக் கூட்டியது, 1887-இன் விளக்கு அதற்கு இரவிலும் கண் கொடுத்தது.

உயரம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை ஒரு சிறு கணக்கு காட்டிவிடும். பூமி உருண்டை என்பதால் எவ்வளவு பிரகாசமான விளக்கும் ஒரு தூரத்துக்குப் பிறகு தொடுவானத்துக்குக் கீழே போய்விடும். கட்டுமரத்தில் அமர்ந்திருப்பவரின் கண், நீர்மட்டத்துக்கு ஒரு மீட்டர் மேலே இருந்தால் அவருடைய தொடுவானம் ஏறத்தாழ 4 கிலோமீட்டரில் முடிகிறது. கடல்மட்டத்திலிருந்து 25 மீட்டர் உயரத்திலுள்ள விளக்குக்கு அது 19 கிலோமீட்டர். 50 மீட்டர் உயரத்துக்கு 27. விளக்கின் தூரத்தோடு பார்ப்பவரின் தூரத்தையும் கூட்டிக்கொள்ள வேண்டும். கவனியுங்கள், உயரத்தை இரட்டித்தாலும் தூரம் இரட்டிக்கவில்லை. கூடுதலாகக் கிடைக்கும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் மேலும் மேலும் உயரமாகக் கட்ட வேண்டும். கல், கூலி, அடித்தளம் என்று செலவு ஏறிக்கொண்டே போகும். குன்று கிடைத்தால் அந்த உயரம் இலவசம்.

இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு கிழக்குக் கடற்கரைச் சாலையில் போனால் வழியே வேறாகத் தெரியும். திருவான்மியூரைத் தாண்டி நெடுகிலும் மணலும் சவுக்குத் தோப்பும் மதில் சுவர்களும்தான். கண்ணுக்கு எட்டியவரை மேடு இல்லை. முட்டுக்காட்டுப் பாலத்தில், உப்பங்கழி கடலைத் தொடும் முகத்துவாரம். படகுச் சவாரிக்கு நிறுத்துகிறவர்கள் பெரிய கப்பல் இந்த முகத்துவாரத்துக்குள் நுழைய முடியுமா என்று ஒரு நிமிடம் யோசித்துப் பார்க்கலாம். அடுத்தது கோவளம். பதினெட்டாம் நூற்றாண்டில் ஆஸ்டெண்ட் கம்பெனி வந்து பண்டகசாலை வைத்த இடம். 1752-இல் கிளைவ் கைப்பற்றிய கோட்டை இருந்த இடம். இவ்வளவு போட்டி நடந்த கரையில் கப்பல்களுக்கான ஒதுங்கிடம் எவ்வளவு குறைவு என்பதை அந்தக் கடற்கரையில் நின்றாலே உணரலாம். மாமல்லபுரத்துக்குச் சற்று முன்னால் சாளுவன்குப்பம். புலிக்குகைக்குத்தான் கூட்டம் போகிறது. அதை ஒட்டி, 2004 ஆழிப்பேரலை மணலைக் கிளறிவிட்டுப் போனதில் வெளிப்பட்ட கல்வெட்டுப் பாறையைத் தொடர்ந்து 2005-இல் தொல்லியல் துறை அகழ்ந்தெடுத்த முருகன் கோயிலின் அடித்தளம் கிடக்கிறது. பல்லவர் காலக் கருங்கல் பகுதிக்கு அடியில் அதைவிடப் பழைய செங்கல் கோயில். இந்தக் கடல் கரையில் இருப்பதை விழுங்கவும் செய்யும், காட்டவும் செய்யும். கோடியக்கரையில் சோழர் காலத்தது என்று சொல்லப்பட்ட செங்கல் கலங்கரை விளக்கத்தின் மிச்சம் அதே ஆழிப்பேரலையில்தான் விழுந்தது. ஒலக்கணேஸ்வரர் கோயில் இன்றும் நிற்பதற்கு, அது பாறை உச்சியில் கல்லால் கட்டப்பட்டதுதான் காரணம்.

இன்று எரியும் விளக்கு பக்கத்திலுள்ள வட்டக் கோபுரத்தில் இருக்கிறது. 1904-இல் பணிக்கு வந்தது. 26 மீட்டர் உயரம். மற்ற ஊர்க் கலங்கரை விளக்கங்களில் பட்டை பட்டையாகச் சாயம் அடித்திருப்பார்கள். இதில் செதுக்கிய கல்லை அப்படியே விட்டிருக்கிறார்கள். அதனால்தான் கீழிருந்து பார்க்கிற பலர் இதையே பல்லவர் கட்டியது என்று எண்ணிவிடுகிறார்கள். கிட்டப் போய்க் கல்லைப் பாருங்கள்: வளைவுக்கு ஏற்றபடி ஒவ்வொரு கல்லின் முகத்தையும் கொத்தி, வரிசை பிசகாமல் அடுக்கியிருக்கிறார்கள். உளிச் சத்தம் ஓயாத ஊரில் இப்படிக் கல் அமைவதில் வியப்பில்லை. உள்ளே குறுகலான சுழல்படி. எதிரே ஒருவர் இறங்கினால் ஒதுங்கித்தான் வழிவிட வேண்டும். இலங்கைப் போர்க்கால அச்சுறுத்தல் காரணமாக 2001-இல் பார்வையாளர்களுக்கு மூடி, 2011-இல்தான் மறுபடி திறந்தார்கள். மேலே போனதும் எல்லோரும் கிழக்கே திரும்பிக் கடலைப் படம் பிடிக்கிறார்கள். முதலில் கீழே கோயிலைப் பாருங்கள் என்பேன். சிகரம் போன தட்டையான கூரை முழுவதும் கண்ணுக்குத் தெரியும். 1887-இல் விளக்குக்கூண்டு உட்கார்ந்த இடம் அதுதான். அங்கிருந்து இந்தக் கோபுரத்துக்கு விளக்கு இடம் மாறியதை ஒரே பார்வையில் பிடிக்கலாம். கிழக்கே பார்ப்பது அதற்குப் பிறகு.

கையில் ஜிபிஎஸ் இருக்கும் காலத்தில் இந்த விளக்குக்கு என்ன வேலை என்று கேட்பவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். 1927-ஆம் ஆண்டின் கலங்கரை விளக்கச் சட்டத்தை நீக்கிவிட்டு 2021-இல் கடல்வழிகாட்டு உதவிகளுக்கான புதிய சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றியது. ரேடியோ, மின்னணு ஏற்பாடுகளையும் சேர்த்துக் கணக்கில் கொள்ள வேண்டிய நிலை வந்ததால்தான் அந்த மாற்றம். கப்பல்கள் விளக்கை மட்டும் நம்பி ஓடுவதில்லை என்பது உண்மையே. ஆனால் செயற்கைக்கோளின் சமிக்ஞையைக் கெடுக்கவும் பொய்யாக அனுப்பவும் முடிகிற காலம் இது. கருவி காட்டும் இடம் சரிதானா என்று கண்ணால் ஒப்பிட்டுப் பார்க்கக் கரையில் அசையாத ஒன்று வேண்டும். ஒவ்வொரு கலங்கரை விளக்கத்துக்கும் அதற்கென்று ஒரு மின்னல் கணக்கு உண்டு. இத்தனை விநாடிக்கு இத்தனை முறை என்று. அதை எண்ணிப் பார்த்தாலே எந்த ஊர் என்று தெரிந்துவிடும். மீனவர்கள் பகலில் செய்வதும் இதே ஒப்பீடுதான். கரையில் தெரியும் இரண்டு அடையாளங்கள், உதாரணமாக ஒரு கோபுரமும் ஒரு குன்றும், ஒன்றன் பின் ஒன்றாக நேர்க்கோட்டில் வரும் இடத்தைப் பிடித்து, வேறொரு திசையில் இன்னும் இரண்டை அதேபோல வைத்து, கடலுக்கடியில் பார் எனப்படும் பாறைத்திட்டு இருக்கும் இடத்தைத் தப்பாமல் கண்டுபிடிப்பார்கள். ஃபைபர் படகில் ஜிபிஎஸ் வைத்திருப்பவரும் மின்கலம் தீர்ந்துபோன இரவில் கரையிலுள்ள விளக்கைத்தான் தேடுவார்.

தகவல் பலகையில் 640 என்று இருந்தால் என்ன, எட்டாம் நூற்றாண்டு என்று இருந்தால் என்ன, பொழுதுபோக்க வருகிறவனுக்கு எதற்கு இந்த ஆராய்ச்சி என்று அலுத்துக்கொள்வோர் இருப்பார்கள். மாமல்லபுரம் 1984 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னம். பல ஊர்ப் பிள்ளைகள் பள்ளிச் சுற்றுலாவில் வந்து, பலகையில் இருப்பதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு போகும் இடம். மகேந்திரன் காலக் கோயில் என்று எழுதிக்கொள்ளும் பிள்ளைக்கு, குடைவதிலிருந்து அடுக்கிக் கட்டுவதற்குப் பல்லவச் சிற்பிகள் எப்படி நகர்ந்தார்கள் என்ற பெரிய கதை கிடைக்காமலே போகிறது. வாசல் ஏன் மேற்கே இருக்கிறது, கூரை ஏன் தட்டையாக இருக்கிறது என்று அந்தப் பிள்ளை கேட்கவும் போவதில்லை, விடை முன்பே கொடுக்கப்பட்டுவிட்டதால். எட்டாம் நூற்றாண்டுச் சிவன் கோயில், 1887-இல் கூரையில் விளக்கு, 1904-இல் தனிக் கோபுரம் என்ற மூன்றையும் ஒரே பலகையில் எழுதிக் கோயில் வாசலில் வைக்க அதிகச் செலவாகாது. தொல்லியல் துறையும் கலங்கரை விளக்கத் துறையும் ஒரே குன்றில் அடுத்தடுத்துத்தான் இருக்கின்றன. அதுவரை, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் முதலில் கோயிலை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் பிறகு கோபுரத்துக்குச் சீட்டு வாங்கலாம்.